பெற்றுக்கொண்டவர் கையொப்பம்

22.04.2025 செவ்வாய்

கிணறு இன்னும் கீழே போய்விட்டது. வாளி அடியில் தட்டி மண் கிளம்புகிறது. குடிக்க இரண்டு குடம் பைப்படியில் எடுத்தோம். மகள் சிவரூபிக்கு முழங்கால் நோவு, அதனால் ஒரு குடம் நான் தூக்கினேன். எழுபத்தாறு வயதில் அது பெரிய காரியம். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

பின்னேரம் பேத்தி கஜானி போன் எடுத்தாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். எப்போதும் களைத்த குரலில்தான் கதைப்பாள். இன்றைக்குக் குரல் துள்ளியது. வேலணையில் அவளும் புருசனும் ஒரு வீடு பார்த்திருக்கிறார்களாம். இரண்டு அறை, குசினி, ஒரு விறாந்தை. முக்கியம், நல்ல தண்ணீர்க் கிணறு.

"தேத்தண்ணி போட்டுக் குடிச்சுப் பாத்தனான் அம்மம்மா, உப்பே இல்லை."

வீடு பார்க்கப் போன இடத்தில் அடுப்பு மூட்டித் தேத்தண்ணீர் போட்டிருக்கிறாள். என் பேத்தி என்றால் என் பேத்திதான்.

விலையைச் சொன்னாள். நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"லோன் எடுக்கிறம். இளம் ஆக்கள் முதல் வீடு வாங்கிறதுக்கு எண்டு ஒரு திட்டம் வந்திருக்கு. எங்களிட்டை முன்காசு காணாது எண்டு வங்கி பயப்பிடும்தானே, அதுக்கு அரசாங்கம் பிணை நிக்கும்."

அரசாங்கம் எங்களுக்குப் பிணை! நேவியிடம் பாஸ் எடுக்காமல் இந்த நயினாதீவை விட்டு ஒரு அடி வைக்க முடியாத காலத்தைப் பார்த்தவள் நான். சரி, நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் அந்தச் சொல்லைச் சொன்னாள். காசு கட்டி முடியும் மட்டும் வீடு வங்கிக்கு ஈடாக இருக்குமாம்.

ஈடு. இரவுச் சோற்றைக் கோழிக்குப் போட்டேன்.

24.04.2025 வியாழன்

அம்மன் கோயிலுக்குப் போனேன். ஈட்டு விசயத்தைச் சொன்னேன். அவ ஒன்றும் சொல்லவில்லை.

27.04.2025 ஞாயிறு

கஜானியும் புருசன் சயந்தனும் பத்து மணிப் படகில் வந்தார்கள். சயந்தன் கூரைகளில் சோலார் பூட்டுகிற வேலை. முகம் கறுத்துப் போய்விட்டது. மேசையில் கடதாசிகளைப் பரப்பி எனக்கு விளங்கப்படுத்தினான்.

நான் சொன்னேன், என்னைப் பெற்ற அப்பு புகையிலைத் தோட்டத்தை ஈடு வைத்தவர், மூன்று போகம் பிழைத்தது, நான்காம் போகம் அந்தத் தோட்டத்திலேயே கூலிக்கு நின்றவர் என்று.

"அது ஆளுக்கு ஆள் குடுத்தது அம்மம்மா. இது மாசம் மாசம் சம்பளத்தில கழியும்."

"சம்பளம் வராட்டி?"

"ரெண்டு பேருக்கும் ஒரே மாசத்தில வராமல் விடாது."

"கொரோனா நேரம் நீர் எத்தினை மாசம் வீட்டில இருந்தனீர் தம்பி?"

தலையைச் சொறிந்தான். கஜானி விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மம்மாவை வங்கியில மனேச்சராப் போட்டா ஒரு சனத்துக்கும் லோன் கிடைக்காது."

நல்ல பெடியன். மூன்று வருசத்துக்கு முன் கலியாணப் பேச்சில் "சீதனம் எண்டு ஒண்டும் வேண்டாம், கதைக்கவும் வேண்டாம்" என்று சபையில் சொன்னவன். எல்லாரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன். ஆனால் அதனால்தான் பெட்டிக்குள் இருப்பது இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

போகும்போது கஜானி சொன்னாள், விதானையாரிடம் ஒரு கடிதம் கேட்டிருக்கிறாளாம், அவர் வந்தால் கதையுங்கோ என்று. என்ன கடிதம் என்று கேட்டேன். "சும்மா, ஆள் ஆரெண்டு காட்ட" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

03.05.2025 சனி

சிவலைக் கோழி அடைக்கு இருந்துவிட்டது. பன்னிரண்டு முட்டை வைத்தேன்.

07.05.2025 புதன்

இன்றைக்கு என் மனம் நிறைந்த நாள்.

விதானையார் வந்தார். பிரதாபன், சின்னப் பெடியன். கிராம அலுவலர் என்று சொல்ல வேண்டுமாம், எங்கள் வாயில் விதானைதான் வருகிறது. சிவரூபி சங்கக்கடைக்குப் போயிருந்தாள். தேசிக்காய் பிழிந்து தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன்.

"ஆச்சி, உங்கட பேத்திக்குச் சொந்தமா வீடு வாசல் ஒண்டும் இல்லை எண்டு நான் கடிதம் குடுக்கவேணும். லோனுக்கு. இல்லைத்தானே?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்பிகை வேலிக்கு அங்கால் நிற்கிறாள். மூன்று பெட்டைகளுக்கும் மூன்று கல்வீடு கொடுத்தவள். அந்த வீடுகளில் இப்போது வௌவால் இருக்கிறது, அது வேறு கதை. கஜானிக்கு வீடு வாசல் இல்லை என்றது அவள் காதில் விழுந்துவிட்டது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"என்ர பேத்திக்கு வீடில்லையோ? ஆர் சொன்னது?"

பெட்டியைத் திறந்து பிஸ்கற் ரின்னை எடுத்தேன். பொலித்தீனுக்குள் சுற்றி வைத்திருந்த வீட்டு உறுதிப் பத்திரத்தை அவர் கையில் கொடுத்தேன். வேலிக்குக் கேட்கக் கூடியதாய் வாசிக்கவும் சொன்னேன். இந்த வீடும் வளவும் கஜானியின் பேரில். அம்பிகையின் வாய் திறந்தபடி நின்றது.

இருபத்தேழு வருசம். வெளியில் ஒரு ஆளுக்கும் சொல்லவில்லை. தொண்ணூற்றேழில் சிவரூபியின் புருசன் வேலை தேடி வன்னிக்குப் போனவர். பிறகு ஒரு கடிதமும் இல்லை, ஒரு ஆளும் கண்டதாகச் சொல்லவில்லை. கைக்குழந்தையோடு அவள் என்னிடம் வந்தாள். ஒரு செத்தவீட்டில், தகப்பன் இல்லாத பெட்டை, நாளைக்குச் சீதனத்துக்கு என்ன செய்வினம் என்று யாரோ கதைத்தது என் காதில் விழுந்தது. அதற்கு அடுத்த கிழமையே நான் உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போனேன். இந்த வீடு என் அம்மா எனக்குச் சீதனமாய்த் தந்தது. என் புருசன் அதற்கு முன்னமே காலமாகிவிட்டார். ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. சிவரூபியையும் வரச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். கனடாவில் இருக்கிற தமையனுக்குப் பயம் என்று நினைத்தேன். முதல் படகில் தனியே போய், ஒரு வயதுப் பிள்ளைக்கு வீட்டை எழுதிவிட்டு வந்தேன். பிறகு மகன் சிவகரன், வீடு தனக்குத்தான் என்ற எண்ணத்தில், கூரை மாற்றக் காசு அனுப்பினான். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு சொல்வது? பூட்டி வைத்தேன்.

விதானையார் உறுதியை இரண்டு தரம் வாசித்தார். போனில் படம் எடுத்தார்.

"இது கஜானிக்குத் தெரியுமோ ஆச்சி?"

"கலியாணத்தில குடுக்க வச்சிருந்தது தம்பி. மாப்பிள்ளை சீதனம் வேண்டாம் எண்டிட்டார்."

அவர் எழும்பிவிட்டார். தேசிக்காய்த் தண்ணீரில் பாதி அப்படியே இருந்தது.

09.05.2025 வெள்ளி

கஜானி அழுகிறாள். போனில் நான் ஒருநாளும் அவள் அழுது கேட்டதில்லை.

அந்தத் திட்டம் ஒரு வீடும் இல்லாத ஆட்களுக்குத்தானாம். வங்கிப் பத்திரத்தில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டாள். இப்போது விதானையார் கடிதம் தரமாட்டார். தந்தால் அவர் பொய்க்காரன், தராவிட்டால் இவள் பொய்க்காரி. வேலணை வீட்டுக்காரர் லண்டனில். ஜூன் முப்பது வரைதான் பொறுப்பாராம். கைக்காசோடு வேறு ஒரு ஆள் நிற்கிறதாம்.

நான் என்ன செய்தனான்? குடுத்தனான். களவெடுக்கேல்லை, பொய் சொல்லேல்லை. குடுத்தது பிழையோ? என்ர பிள்ளைக்கு ஒண்டும் இல்லை எண்டு வேலியில நிண்டு கேக்கிறவளுக்கு முன்னால நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவோ?

இருந்திருக்கலாம்.

10.05.2025 சனி

அம்பிகை வேலிக்கு மேலால்: "லச்சுமியக்கா, பேத்தி இனி ரெண்டு வீட்டுக்காரி எண்டு கேள்விப்பட்டன்." விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

12.05.2025 திங்கள்

வெசாக். தீவிலிருக்கிற புத்த விகாரைக்குச் சனம் வெள்ளை வெள்ளையாய் வந்து இறங்குகிறது. படகு தாழ்ந்து போகிறது.

சிவரூபி என்னோடு கதைக்கவில்லை. சோற்றுக் கோப்பையை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்கிறாள்.

15.05.2025 வியாழன்

கஜானி தனியே வந்தாள். இரவு டியூட்டி முடித்து நேரே முதல் படகு. சாப்பிடவில்லை. என் பாயில் விழுந்து மத்தியானம் வரைக்கும் நித்திரை. வாயைத் திறந்துகொண்டு, சின்னனில் படுத்த மாதிரியே.

எழும்பி முகம் கழுவிவிட்டு உறுதியைக் கேட்டாள். கொடுத்தேன். விரலை வைத்து வைத்து வாசித்தாள்.

"என்ர பேருக்கு முன்னால சிறுமி எண்டு போட்டிருக்கு அம்மம்மா."

"அப்ப நீ தத்தித் தத்தித்தான் நடந்தனீ."

சிரித்தாள். பிறகு சிரிப்பு மாறிவிட்டது. "ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை?"

"நீ ஏன் விதானை என்ன கடிதம் தாறார் எண்டு சொல்லேல்லை?"

உறுதியை மடித்து மடியில் வைத்தாள். "வீடில்லாத பிள்ளை எண்டு உங்கட காதில விழக் கூடாது எண்டுதான்."

அவள் எனக்கு மறைத்ததும் நான் அவளுக்கு மறைத்ததும் ஒன்றுக்காகத்தான்.

பிறகும் விடவில்லை நான். "அப்ப இந்த வீட்டில வந்து இருங்கோவன். உன்ர வீடுதானே. ஈடும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

"அம்மம்மா, எனக்கு டியூட்டி முடிய ஏழு மணி. கடைசிப் படகு அதுக்கு முதலே போயிடும். அவருக்கு விடிய ஆறு மணிக்கு யாழ்ப்பாணத்தில கூரையில ஏறவேணும். நடுவில கிடக்கிற கடலை என்ன செய்யிறது?"

வீட்டை எழுதினபோது எல்லைகள் எல்லாம் சரியாய்ச் சொன்னேன். வடக்கே ஒழுங்கை, கிழக்கே அம்பிகை வளவு. கடலைச் சொல்ல மறந்துவிட்டேன்.

20.05.2025 செவ்வாய்

யாழ்ப்பாணம். கஜானி ஒரு நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போனாள். பிரியவதனி என்று பேர், முப்பது வயது இருக்காது. நான் நல்ல சேலை உடுத்துப் போனேன். என் உறுதியில் ஒரு பிள்ளை பிழை பிடிக்கப் போகிறாள் என்றால் கந்தல் சீலையோடு போய் நிற்கவோ?

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இஞ்சை பாருங்கோ அம்மா. குடுக்கிறவ கையெழுத்து இருக்கு. சாட்சி ரெண்டு பேர் இருக்கினம். பெற்றுக்கொள்ளுறவர் எண்ட இடம் வெறுமையா இருக்கு."

"அது குழந்தை. குழந்தை எப்பிடிக் கையெழுத்து வைக்கும்?"

"பிள்ளைக்காகத் தாய் வச்சிருக்கவேணும். நன்கொடை எண்டால் குடுத்தாப் போதாது. வாங்கினதும் எழுத்தில இருக்கவேணும். உங்களுக்கு அந்த நொத்தாரிசு சொல்லேல்லையோ?"

சொன்னவர். இப்போது நினைவு வருகிறது. "மகளை ஒரு நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ, ஒரு கையெழுத்துக் கிடக்கு" என்றவர். என் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதே, இனி அவளைக் கெஞ்சுவதா என்று நான் போகவில்லை. பிறகு அவரும் செத்துப் போனார்.

பிரியவதனி சொன்னாள், இது முடியாத நன்கொடையாம். நான் இரத்து உறுதி ஒன்றில் கையெழுத்து வைக்க வேண்டும். சிவரூபி, தான் அன்றைக்குப் பிள்ளைக்காகப் பெற்றுக்கொள்ளவில்லை என்று சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். அப்போது கஜானிக்கு வீடு இருந்ததில்லை என்பது பொய்யாகாது.

"அப்ப நான் குடுக்கேல்லையோ பிள்ளை?"

"குடுத்தீங்கள் அம்மா. போய்ச் சேரேல்லை."

படகில் வரும்போது காற்று. சேலை முழுக்க உப்புத் தண்ணீரில் நனைந்துவிட்டது.

21.05.2025 புதன்

கையெழுத்து வைக்க மாட்டேன்.

24.05.2025 சனி

ஒன்பது குஞ்சு பொரித்திருக்கிறது. மூன்று முட்டை கூழாய்ப் போய்விட்டது.

சிவகரன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். அம்பிகையின் பெட்டை அங்கே சொல்லி, முழுத் தீவாருக்கும் தெரிந்துவிட்டதாம். கூரைக் காசைப் பற்றித்தான் கேட்கப் போகிறான் என்று கதிரையில் இருந்துவிட்டேன்.

"அம்மா, வீட்டைக் கஜானிக்கு எழுதி வச்சிருந்தனீங்களாம்?"

"ஓம்."

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் எனக்கெண்டு கூரை போடுவிச்சனீங்கள், அவளுக்கெண்டு சொல்லியிருந்தா ரெண்டு அறை கூடக் கட்டியிருப்பனே."

நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன்.

"நான் அங்கை வந்து என்ன, உப்புத் தண்ணி அள்ளுறதோ? தகப்பன் இல்லாத பிள்ளை. நீங்கள் செய்யாட்டி நான் செய்திருப்பன். இப்ப உங்கட ரோசத்தை ஒருக்கா ஒதுக்கி வச்சிட்டுக் கையெழுத்தைப் போட்டுக் குடுங்கோ."

இதற்காகவா நான் இருபத்தேழு வருசம் பெட்டியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தேன்? சந்தோசப்பட வேண்டும். கோபம்தான் வருகிறது. யாரில் என்று தெரியவில்லை.

29.05.2025 வியாழன்

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதவேண்டும்.

சிவரூபி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் அம்மியடியில். என் வாய் சும்மா இருக்கவில்லை. "அண்டைக்கு நீ என்னோட வந்து ஒரு கையெழுத்து வச்சிருந்தால் எப்பவோ ஒழுங்காக் குடுத்து முடிச்சிருப்பன். தமையனுக்குப் பயந்து சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தாய்."

துருவலை நின்றது.

"அண்ணைக்குப் பயமோ? ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"பின்னை?"

"முதல் நாள் நொத்தாரிசின்ர கிளாக்கர் வந்து விபரம் எழுதினவன். ஞாபகம் இருக்கோ? தகப்பன் இல்லாதபடியால் தாய் பெற்றுக்கொள்ளுகிறா எண்டு எழுதுவம் எண்டவன். நீங்கள் ஓம் ஓம் எண்டு தலையாட்டினீங்கள்." திரும்பவும் துருவத் தொடங்கினாள். "அவர் போய் ஒரு வருசம்தான். நான் அதில எப்பிடி அம்மா கையெழுத்து வைக்கிறது? அவர் வருவார் எண்டு இருந்தனான்."

தேங்காய் முடிந்துவிட்டது. சிரட்டை சுரண்டுகிற சத்தம் கேட்டது. நான் நிற்பாட்டச் சொல்லவில்லை.

ஒரே கூரை, ஒரே பானை. இவ்வளவு காலமும் நான் ஒருநாளும் கேட்கவில்லையே. கொடுக்கிற அவசரத்தில் அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

30.05.2025 வெள்ளி

கஜானிக்குப் போன் எடுத்து, செவ்வாய்க்கிழமை வருகிறோம் என்றேன். "ஆர், நீங்களோ?" என்றாள். "நானும் கொம்மாவும்" என்றேன்.

03.06.2025 செவ்வாய்

கையெழுத்து வைத்தேன்.

முதல் சிவரூபியின் சத்தியக் கடதாசி. ஏன் பெற்றுக்கொள்ளவில்லை என்று எழுதவேண்டும் என்றாள் பிரியவதனி. "உங்களுக்குக் கஷ்டம் எண்டால் சும்மா ஒரு காரணம்..."

"உள்ளதை எழுதுங்கோ தங்கச்சி" என்றாள் சிவரூபி.

பிரியவதனி எழுதி வாசித்தாள். "அவ்வேளை எனது கணவர் திரும்பி வருவார் என நான் நம்பியிருந்தபடியால்." அதோடு பேனையை நிறுத்தி மெல்லக் கேட்டாள்: "இப்ப?"

"அது இதில தேவையில்லைத்தானே."

"இல்லை அக்கா. தேவையில்லை."

பிறகு என் முறை. ஐந்தாம் வகுப்புக் கையெழுத்துத்தான். ஆனால் என் புருசன் குருநாகலில் கடை வைத்திருந்த காலம் முழுக்கக் கிழமைக்கு ஒரு கடிதம் எழுதின கை. இலட்சுமிப்பிள்ளை ஆழ்வாப்பிள்ளை என்று ஒரு கோடும் நடுங்காமல் வைத்தேன்.

பஸ் ஸ்ராண்டில் கஜானி எங்கள் இரண்டு பேருக்கும் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தாள். நல்லாயிருந்தது.

12.06.2025 வியாழன்

விதானையார் கடிதம் கொடுத்துவிட்டார். இந்தமுறை தேசிக்காய்த் தண்ணீரை முழுக்கக் குடித்தார். அம்பிகை வேலியடியில் நின்றாள். நான் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. "ஓம் தம்பி, அவளுக்கு வீடில்லை" என்றேன்.

சொன்னேன். நாக்கு ஒன்றும் அறுந்து விழவில்லை.

19.06.2025 வியாழன்

வங்கி ஆட்கள் வேலணை வீட்டை அளந்து பார்த்தார்களாம். சுவரைத் தட்டிப் பார்த்தார்களாம். கிணற்றை எட்டியும் பார்க்கவில்லையாம். என்ன மதிப்பீடோ.

24.06.2025 செவ்வாய்

பதில் இல்லை. இன்னும் ஆறு நாள். கஜானி போனை எடுக்கிறாள் இல்லை. ஒரு பூனை இரண்டு குஞ்சைக் கொண்டுபோய்விட்டது. இன்றைக்கு எல்லாமே அப்படித்தான்.

25.06.2025 புதன்

வந்துவிட்டது. லோன் வந்துவிட்டது. சயந்தன்தான் போன் எடுத்தான். எனக்குக் காது கேட்கவில்லை, "என்ன, என்ன" என்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் சொன்னான்.

27.06.2025 வெள்ளி

கோயில் கொடியேறிவிட்டது. எதிரே வருகிற படகுகளில் கால் வைக்க இடமில்லை. திருவிழாவுக்கு உலகம் எல்லாம் தீவுக்கு வரும்போது நானும் சிவரூபியும் மட்டும் தீவை விட்டுப் போகிறோம். அம்பாளுக்குத் தெரியும் என்னத்துக்கு என்று.

பிரியவதனியின் கந்தோரில் இரண்டு உறுதி. ஒன்று வீடு விற்கிற உறுதி, லண்டன்காரரின் தம்பி வந்து கையெழுத்து வைத்தார். மற்றது ஈட்டு உறுதி. அதற்குச் சாட்சி இரண்டு பேர் வேண்டும். ஒன்று அவளுடைய கிளாக்கர். மற்றது சயந்தனின் சிநேகிதன், அவன் மோட்டச்சைக்கிள் காற்றுப்போய் ஊர்காவற்றுறையில் நிற்கிறானாம்.

"கஜானியை நல்லாத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் காணும்" என்றாள் பிரியவதனி.

"நான் இருக்கிறன்" என்றேன்.

கஜானி என்னைப் பார்த்தாள். "அம்மம்மா, ஈடு."

"தெரியும்."

"முழுக்க வாசிக்கவோ அம்மா, சுருக்கிச் சொல்லவோ?" என்று பிரியவதனி கேட்டாள்.

"வாசியும் பிள்ளை. ஒரு சொல் விடாமல்."

வாசித்தாள். எத்தனை வருசம், மாதம் எவ்வளவு, கட்டாவிட்டால் என்ன, அரசாங்கம் எந்த அளவுக்குப் பிணை என்று எல்லாம். பாதி விளங்கியது. என் அப்புவுக்கு இப்படி ஒருவர் வாசித்துக் காட்டவில்லை. வெறும் கடதாசியில் பெருவிரல் வைத்துவிட்டு வந்தவர்.

"இந்தப் பிள்ளையை எவ்வளவு காலமாத் தெரியும்?" இது எழுத்துக்குக் கேட்கிற கேள்வியாம்.

"பிறந்த நேரம் அவளைக் கையில வாங்கின முதல் ஆள் நான்."

கையெழுத்து வைத்தேன். பிறகு கடதாசியை என் பக்கம் இழுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்தேன்.

"என்ன அம்மா பாக்கிறியள்?"

"ஒரு இடமும் வெறுமையா இருக்கோ எண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். சிவரூபியும் சிரித்தாள்.

13.07.2025 ஞாயிறு

வேலணையில் பால் காய்ச்சினார்கள். கிழக்குப் பக்கமாய்ப் பொங்கியது. அம்பிகையையும் கூட்டிக்கொண்டு போனேன். குசினியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சின்னன்தான், ஆனா வெளிச்சம்" என்றாள். அவள் வாயால் அவ்வளவு வந்ததே பெரிது.

கிணற்றில் ஒரு வாளி நானே அள்ளிக் குடித்தேன். உண்மைதான். உப்பே இல்லை.

சயந்தன் சொன்னான், இனி மாதம் மாதம் சம்பளம் வந்த அன்றைக்கே கட்டிவிடுவானாம், அம்மம்மாவுக்குப் போன் எடுத்தும் சொல்வானாம். "சாட்சிக்காரிக்குச் சொல்லத்தானே வேணும்" என்றான். எனக்கு அது பிடித்தது.

வெளிக்கிடும்போது கஜானி ஒரு திறப்பைக் கொண்டுவந்தாள். "இது உங்களுக்கு. டியூட்டியில நான் இல்லாட்டியும் நீங்கள் திறந்து வரலாம்." கையை நீட்டினேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். "முதல்ல கையெழுத்து."

கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். திறப்பு ஒன்று பெற்றுக்கொண்டேன். இலட்சுமிப்பிள்ளை.

அதை அவள் சுவரில் ஒட்டிவிட்டாள். பைத்தியம்.

05.08.2025 செவ்வாய்

குஞ்சுகள் ஏழும் பெரிதாகிவிட்டன. இரண்டு சேவல் என்று நினைக்கிறேன்.

இந்த வீடு திரும்ப என் தலையில் வந்து நிற்கிறது. ஒரு மாதமாய் யோசித்தேன். இன்றைக்குச் சிவரூபி குசினியில் மா அரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். வீட்டை அவள் பேரில் எழுதப் போகிறேன், சிவகரனும் ஓம் என்றுவிட்டான், பிரியவதனியிடம் வாற செவ்வாய்க்குக் கேட்டிருக்கிறேன் என்று. பெற்றுக்கொள்ளுகிற ஆள் நேரே வரவேண்டுமாம் என்றும் சொன்னேன். அதில் வேறு ஒன்றும் எழுதமாட்டார்கள், உன் பேர் மட்டும்தான், நான் கேட்டுவிட்டேன் என்றும் சொன்னேன்.

அவள் அரிதட்டில் இருந்த கப்பியைத் தட்டிக் கொட்டினாள். மாவை மூடி வைத்தாள். கையைக் கழுவினாள். நான் வந்து கதிரையில் இருந்துவிட்டேன். பழைய மாதிரி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்சம் பொறுத்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எத்தினை மணிப் படகு அம்மா?" என்று கேட்டாள்.